வடமுனையிற் பெரும்பொழுது

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியம் படித்தார் அனைவரும் அறிந்ததே. மாந்தரின் ஒழுக்கத்தையும் உணர்வையும் தொழிலையும் பேச முற்படுவோர், அவை எந்த நிலத்தில் எந்தப் பொழுதில் நிகழ்கின்றன என்பதை முதலிற் கூறவேண்டும் என்பது அதன் உட்கிடை. திணைக் கோட்பாட்டிலே பொருள்முதல்வாதச் சிந்தனையின் வித்துக் கிடப்பதாக நமது முற்போக்கு விமரிசகர் சிலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயின் வகுப்பறையில் அவ்வித்து முளைப்பது அரிது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுது ஆறு. மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு எனச் சிறுபொழுது ஆறு என்று மாணாக்கர் மனனஞ் செய்கின்றனர். வினாத்தாளில் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். ஆவணியும் புரட்டாதியும் கார்காலம் என்று எழுதும் அதே மாணவன், யாழ்ப்பாணத்தில் ஆவணி மாதத்திலே கிணற்று நீர் அடிக்கு இறங்கிவிடுவதையும், ஐப்பசி பிறந்த பின்னரே மாரி வலுப்பதையும் கண்ணாரக் காண்கிறான். கண்டதற்கும் எழுதியதற்கும் உள்ள தொடர்பு யாது என்று அவன் கேட்பதில்லை. கேட்கும் பழக்கத்தை நமது பரீட்சை முறை அவனுக்கு ஊட்டுவதில்லை.

உயர்தர வகுப்பொன்றில் இப்பாடத்தை நாம் நடத்திக்கொண்டிருந்த வேளை, பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சேர், வடதுருவத்திலை இருக்கிற ஆக்களுக்கு இந்த ஆறிலை எத்தினை பொழுது?"

வகுப்புச் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. நிலத்தோடு பொழுதைப் பிணைத்துப் பேசும் ஒரு கோட்பாட்டைக் கற்பிக்குமிடத்து, நிலம் மாறினால் பொழுது என்னவாகும் என்று கேட்பதே முறையான வினா. "நீர் கேட்டது நல்ல கேள்வி, பிள்ளை. அடுத்த கிழமை பாப்பம்" என்றோம். அந்த அடுத்த கிழமை பல கிழமைகளாயிற்று. புவியியல் கற்பிக்கும் நண்பரொருவரின் துணையோடு நாம் படித்தறிந்தவற்றையும், வகுப்பிலே செய்து பார்த்தவற்றையும் ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம். தமிழ் படித்தவர்களுக்கு இதிலென்ன வேலை என்று வினவுவோர் இருக்கக்கூடும். பொழுதைப் பற்றிப் பேசும் உரிமையை நமக்குத் தொல்காப்பியரே தந்துவிட்டார் என்பது நமது விடை.

*

வடமுனை என்று பொதுவாகக் கூறினால் அது வெறும் பெயராகவே நிற்கும். மனிதர் வாழ்ந்து, உழைத்து, நாடோறும் வெப்பநிலை அளந்து எழுதி வைத்த ஓரிடத்தை எடுத்துக்கொள்வதே நன்று. நோர்வேக்கு வடக்கே, 74 பாகைக்கும் 81 பாகைக்கும் இடைப்பட்ட அகலக்கோடுகளில், ஸ்வால்பார்ட் என்னும் தீவுக்கூட்டம் உண்டு. பரப்பிலே இலங்கையிலும் சற்றுச் சிறியது. அதன் சரிபாதிக்கு மேற்பட்ட நிலம் என்றும் உருகாத பனிக்கட்டியாற் போர்த்தப்பட்டது. அங்குள்ள பெரிய ஊரின் பெயர் லொங்யர்பியன். 1906ஆம் ஆண்டு நிலக்கரி தோண்ட வந்த அமெரிக்க முதலாளி ஜோன் லொங்யர் என்பவரின் பெயரே ஊருக்கு இடப்பட்டது. அங்கு முதலில் நின்றது குடியிருப்பன்று, கம்பனி. 78 பாகை அகலக்கோட்டில் உள்ள அவ்வூரிலிருந்து வடமுனைக்கு ஏறக்குறைய 1300 கிலோமீற்றர் தூரமே உண்டு.

அவ்வூரின் ஒளிக்கணக்கு இது. ஏப்பிரல் 20ஆம் திகதியளவிலே மேலெழும் சூரியன் ஓகஸ்ட் 22 வரை மறைவதேயில்லை; நள்ளிரவிலும் வானத்தில் நிற்கும். ஒக்ரோபர் 26 அளவிலே தொடுவானத்துக்குக் கீழே செல்லும் அதே சூரியன் பெப்ரவரி நடுப்பகுதி வரை தலைகாட்டுவதேயில்லை. நவம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி இறுதி வரை நண்பகலிலும் அந்திவெளிச்சந்தானும் இல்லாத முழு இருள். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கிலே ஊர் அமைந்திருப்பதால், சூரியன் தொடுவானத்தைத் தாண்டிய பின்னரும் அதன் கதிர் ஊருக்குள் விழுவதற்கு மார்ச் 8 ஆகிவிடும். அன்று பழைய மருத்துவமனை இருந்த இடத்துப் படிக்கட்டருகே ஊரார் கூடிநின்று முதற்கதிரை வரவேற்பார்கள். தைப்பொங்கலன்று முற்றத்தில் நின்று கதிரவனை வணங்கும் நமக்கு அந்த மகிழ்ச்சியை விளக்கிக் கூறவேண்டியதில்லை.

இஃது ஏன் நிகழ்கிறது என்று வகுப்பிலே கேட்டோம். கோடையிற் சூரியன் அண்மையிலும் மாரியில் தொலைவிலும் இருப்பதே காரணம் என்று பலர் கூறினர். படித்த பெரியோரும் இவ்வாறே எண்ணுகின்றனர். உண்மை நேர்மாறானது. பூமி சூரியனுக்கு மிக அண்மையில் வருவது ஜனவரி முதல்வாரத்தில், அப்போது தூரம் 14 கோடியே 70 இலட்சம் கிலோமீற்றர். மிகத் தொலைவிற் செல்வது யூலை முதல்வாரத்தில், அப்போது 15 கோடியே 20 இலட்சம். ஆகவே வடமுனை இருளில் உறைந்து கிடக்கும் நாட்களிலேயே பூமி சூரியனை நெருங்கி நிற்கிறது.

காரணம் பூமியின் சாய்வு. ஒரு தோடம்பழத்தின் நடுவே ஈர்க்கைக் குத்தி, அதனைச் சற்றே சரித்துப் பிடித்து, மேசை நடுவில் எரியும் மெழுகுவர்த்தியைச் சுற்றி மாணவரையே கொண்டுசெல்லச் செய்தோம். ஈர்க்கின் சரிவு எப்பக்கம் நோக்கியிருந்ததோ, சுற்றிமுடியும் வரை அப்பக்கமே நோக்கியிருத்தல் வேண்டும் என்பதே விதி. மேசையின் ஒருபுறத்தில் ஈர்க்கின் மேல்நுனி விளக்கை நோக்கிச் சாய்ந்தது. பழத்தை எவ்வளவு உருட்டினாலும் மேல்முனை ஒளியிலேயே நின்றது. எதிர்ப்புறத்துக்குச் சென்றபோது அதே முனை எவ்வளவு உருட்டியும் இருளிலேயே நின்றது. இச்சாய்வு ஏறத்தாழ 23½ பாகை. பருவங்கள் என்று நாம் சொல்பவை அனைத்துக்கும் தாய் இதுவே.

சாய்வு ஒன்றே எனினும் அதன் விளைவு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. யாழ்ப்பாணத்திலே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்தைச் சற்றே மிஞ்சும். நண்பகற் சூரியன் ஆண்டில் இருமுறை நமது உச்சிக்கு நேரே வருகிறது. மிகத் தாழ்ந்து நிற்கும் டிசெம்பரிலும் அது தொடுவானத்துக்கு மேல் 57 பாகையில் நிற்கும். லொங்யர்பியனில் ஆண்டு முழுவதிலும் சூரியன் ஏறக்கூடிய உச்ச உயரமே 35 பாகைதான். நமது சூரியனின் தாழ்ந்த நண்பகல் அவர்களுடைய உயர்ந்த நண்பகலினும் உயர்ந்தது.

*

இவ்விடத்தில் மாணவியின் வினாவுக்கு முதல் விடை கிடைத்துவிடுகிறது. சரியாக முனையிலே நிற்கும் ஒருவனுக்குச் சூரியன் ஆண்டில் ஒருமுறை உதிக்கும், ஒருமுறை மறையும். மார்ச்சில் காலை, யூனில் நண்பகல், செப்ரெம்பரில் மாலை, டிசெம்பரில் யாமம். பெரும்பொழுது வேறு சிறுபொழுது வேறு என்ற பாகுபாடு அங்கே அழிந்துபோகிறது. தெற்கே வரவர அவ்விரண்டும் மெல்லப் பிரிந்து, நமது நாட்டை அடையும்போது முற்றிலும் வேறாகி நிற்கின்றன.

இதைக் கூறியவுடனே ஒரு மாணவன், மானிடருக்கு ஓராண்டு தேவருக்கு ஒருநாள் என்று புராணம் கூறுவதை நினைவூட்டினான். உத்தராயணம் தேவரின் பகல், தட்சணாயனம் அவர்தம் இரவு என்பது வழக்கு. இதுகொண்டு நம்முன்னோர் வடமுனையில் வாழ்ந்தனர் என்று வாதிப்பாரும் உளர். பாலகங்காதர திலகர் 1903இல் வெளியிட்ட நூலொன்றிலே வேதகால ஆரியரின் ஆதித்தாயகம் வடமுனைப் பிரதேசமே என நிறுவ முயன்றார். வரலாற்றறிஞர் அதனை ஏற்றிலர். மறுபுறத்தில், சூரிய சித்தாந்தம் என்னும் பழைய கணித நூல், மேருவில் உறையும் தேவர் அரையாண்டு சூரியனைக் கண்டுகொண்டேயிருப்பர் என்று கோளத்தின் கணக்காகவே கூறுகிறது. அங்கே போகாமலே, பூமி கோளமென்றும் சூரியன் வடக்கும் தெற்குமாக இயங்குவதென்றும் கொண்டு, அறிவினாற் கணித்துப் பெற்ற முடிவு அது. பெருமை கொள்வதாயின் கணித்த அறிவுக்காகப் பெருமை கொள்வோம். கட்டுக்கதைக்கு விஞ்ஞானச் சாயம் பூசும் வேலை நமக்கு வேண்டாம்.

*

ஒளியின் கணக்கு இவ்வளவோடு முடிகிறது. வெப்பத்தின் கணக்கு இதனினும் சிக்கலானது. நாம் இக்கட்டுரையிற் கூற விழைவதன் கருவும் அங்குதான் கிடக்கிறது.

யூன் 21ஆம் நாளன்று, வளிமண்டலத்தின் உச்சியில் இருபத்துநான்கு மணிநேரத்துக்கும் சேர்த்துக் கணக்கிட்டால், வடமுனை பெறும் சூரிய சத்தி மத்தியகோடு பெறுவதினும் மூன்றிலொரு பங்களவு அதிகம். சரிந்த கதிராயினும் ஓயாது விழும் கதிர் அன்றோ! அவ்வாறாயின் வடமுனை ஏன் பாலைவனம்போற் கொதிக்கவில்லை? கதிர் சரிந்து வருவதால் வளியினூடே நெடுந்தூரம் கடந்து தேய்ந்து வருகிறது. வந்து சேர்ந்ததிலும் நூற்றில் எண்பது பங்குக்கு மேற்பட்டதைப் புதிதாய் விழுந்த வெண்பனி திருப்பித் தெறித்து வானத்துக்கே அனுப்பிவிடுகிறது. எஞ்சியதிற் பெரும்பங்கு பனிக்கட்டியை உருக்குவதிற் செலவாகிறது. பூச்சியம் பாகையிலுள்ள ஒரு கிராம் பனிக்கட்டியை அதே பாகையில் நீராக்க வேண்டிய வெப்பத்தைக் கொண்டு, அந்நீரை ஏறக்குறைய 80 பாகை வரை சூடாக்கிவிடலாம். இத்தனை வெப்பமும் உருக்குவதிலேயே ஒழிவதால் வளியைச் சூடாக்க மிச்சம் சிறிதே. 1961 முதல் 1990 வரையான முப்பதாண்டுச் சராசரியின்படி, லொங்யர்பியனை அடுத்த விமான நிலையத்தில் யூலை மாத வெப்பநிலை 6 பாகை செல்சியஸ் மட்டுமே. நுவரெலியாவின் குளிரிரவையே பெருங்குளிரென்று எண்ணும் நமக்கு, அது நடுக்கோடை என்றால் நம்புவது கடினம்.

மிகுந்த குளிர் எப்போது என்பது அடுத்த வினா. இருள் மிக்க டிசெம்பரில் என்றுதான் எவரும் விடையளிப்பர். அளவீடுகள் வேறு சொல்கின்றன. அம்முப்பதாண்டுக் கணக்கில் மிகக் குளிர்ந்த மாதம் பெப்ரவரி; அதன் சராசரி பூச்சியத்துக்குக் கீழே 16 பாகை. அந்நிலையத்தின் மிகத்தாழ்ந்த வெப்பநிலையான பூச்சியத்துக்குக் கீழ் 46.3 பாகை பதிவானது 1986 மார்ச்சில்; சூரியன் திரும்பி வந்த பின்னர். சூரியன் இல்லாத காலம் முழுவதும் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துகொண்டேயிருக்கிறது. வரவு செலவை மிஞ்சும் வரை இழப்புத் தொடரும். கடன்பட்ட குடும்பத்துக்குச் சம்பளம் கிடைத்த அன்றே வறுமை தீர்ந்துவிடுவதில்லை, அதுபோலத்தான் இதுவும்.

ஆகையால் அங்கு வதிவோர் ஆண்டை நான்காகப் பகுப்பதை விட்டு மூன்றாகப் பகுத்துப் பேசும் வழக்கமுண்டு. இருட்குளிர்காலம், ஒளிக்குளிர்காலம், கோடை என அவற்றைத் தமிழிற் கூறலாம். ஒளிக்குளிர்காலம் என்பதே அந்நிலத்தின் தனிச்சிறப்பு. மார்ச்சிலும் ஏப்பிரலிலும் பகல் நாளுக்கு நாள் நீள்கிறது. கண் கூசும் ஒளி. ஆயினும் பனியும் குளிரும் சற்றும் இளகுவதில்லை. ஐரோப்பியப் பாடநூல்களின் வசந்தத்துக்கோ இலையுதிர்காலத்துக்கோ அங்கு இடமில்லை. உதிர்வதற்கு ஓங்கிய மரமுமில்லை. நாம் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே இலையுதிர்காலம் என்று படித்தோமே, அதே பாடம் அந்த வடக்கு மாணவனுக்கும் பொருந்தாது என்று அறியும்போது ஒருவகை ஆறுதல் பிறக்கிறது. பனி என்ற நமது சொல்லும் அங்கே திணறுகிறது. மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. வானிலிருந்து வெண்பஞ்சாய் விழுவதும் பனி. மலையிடுக்கில் நூறு ஆண்டாய் இறுகிக் கிடப்பதும் பனி. வேறொரு நிலத்தின் பொழுதை நமது மொழியிற் சொல்லப் புகுந்தால், சொல்லையும் புதிதாய் ஆக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்னுமொன்று: இவ்வளவு பனியிருந்தும் அவ்விமான நிலையத்தில் ஓராண்டில் விழும் மழையும் பனியும் சேர்ந்து சராசரியாக ஏறக்குறைய 200 மில்லிமீற்றரே. நீர்க்கணக்கிற் பார்த்தால் அது பாலை. விழுவது குறைவு, விழுந்தது போவதில்லை, அவ்வளவே.

குளிர்காலத்து வளியின் இயல்பும் விந்தையானது. வழக்கமாக உயரே செல்லச்செல்லக் குளிரும். முனை இருளிலே நிலம் வெப்பத்தை இழந்து, தன்மேற் படிந்த வளியையும் குளிர்விப்பதால், நிலத்தை ஒட்டிய வளி மிகக் குளிராகவும் அதற்கு மேலுள்ளது வெப்பம் கூடியதாகவும் தலைகீழாகி நிற்கும். இத்தலைகீழ் அடுக்கு ஒளிக்கதிரையும் வளைக்கவல்லது. 1596ஆம் ஆண்டு ஸ்பிட்ஸ்பேர்கன் தீவைக் கண்டு ஐரோப்பியருக்கு அறிவித்த ஒல்லாந்து மாலுமி வில்லெம் பாரென்ஸ், அவ்வாண்டின் குளிர்காலத்தை நோவாயா செம்லியா என்னும் தீவிலே சகாக்களுடன் கழிக்க நேர்ந்தது. சூரியன் மீள வரவேண்டிய நாளுக்கு இரு வாரம் முந்தியே, 1597 ஜனவரி 24ஆம் நாள், அதன் விளிம்பைக் கண்டதாக அக்குழுவிலிருந்த கெரிட் டி வேர் எழுதிவைத்தார். கணக்குக்கு ஒவ்வாதது என்று கற்றோர் அவரை நெடுங்காலம் ஐயுற்றனர். தலைகீழ் அடுக்கின் வழியே வளைந்துவந்த கதிரையே அவர்கள் கண்டனர் என்பது பின்னர் தெளிவாயிற்று. நேரிற் கண்டு எழுதியவன் பொய்யனல்லன். கணக்கில்தான் ஓருறுப்புக் குறைந்திருந்தது.

*

ஒரே அகலக்கோட்டில் இருப்பினும் எல்லாவிடமும் ஒரே குளிரன்று. கனடாவின் வடகோடியிலுள்ள யுரேக்கா என்னும் நிலையத்திலே பெப்ரவரிச் சராசரி பூச்சியத்துக்குக் கீழ் 35 பாகையையும் தாண்டிச் செல்லும். அது ஸ்வால்பார்ட்டின் அகலக்கோடுகளுக்குள்ளேயே அடங்கும் இடம். வேறுபாட்டுக்குக் காரணம் கடல். அத்திலாந்திக்கின் வெப்பநீரோட்டத்தின் ஒரு கிளை ஸ்வால்பார்ட்டின் மேற்குக் கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்கிறது. சூரியனைக் காணாத மாதங்களிலும் தெற்கின் வெயிலைச் சுமந்துவரும் நீர் அது.

தென்முனையை நோக்கினால் கடல் செய்யும் உதவி இன்னுந் தெளிவாகும். வடமுனை கடலின்மேல் மிதக்கும் பனிக்கட்டி. தென்முனையோ ஒரு கண்டத்தின் நடுவே 2835 மீற்றர் உயரத்திலுள்ள பனிமேடு. தென்கோளக் கோடையிலே பூமி சூரியனுக்கு அண்மையில் இருந்தும், அங்கு கோடைச் சராசரியே பூச்சியத்துக்குக் கீழ் 28 பாகை அளவு. பெப்ரவரி, மார்ச்சில் வெப்பநிலை செங்குத்தாக விழுந்து, ஏப்பிரல் தொடக்கம் செப்ரெம்பர் வரை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் கிடக்கும். நிலம் மிகக் குளிர்ந்தபின் அது இழக்கும் வெப்பமும் குறைந்துவிடுகிறது. மேலுள்ள வளி கீழ்நோக்கி அனுப்பும் வெப்பம் அவ்விழப்பை ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகிறது. ஆதலால் அக்குளிர்காலத்துக்கு நடு என்பதே இல்லை. 1957இல் சோவியத் விஞ்ஞானிகள் அக்கண்டத்தின் உள்நாட்டிலே அமைத்த வொஸ்தோக் நிலையத்தில், 1983 யூலை 21ஆம் நாள், பூச்சியத்துக்குக் கீழ் 89.2 பாகை பதிவாயிற்று. நிலத்தின் மேற்பரப்பிலுள்ள நிலையங்களிலே வெப்பமானி கொண்டு அளந்த மிகத்தாழ்ந்த அளவு அது.

*

இவ்வறிவெல்லாம் வானத்திலிருந்து வந்ததன்று. குளிரிலே மனிதரை நிறுத்திப் பெற்ற அறிவு. 17ஆம் நூற்றாண்டிலே திமிங்கில எண்ணெய்க்காக ஸ்பிட்ஸ்பேர்கன் கரைக்கு ஐரோப்பியக் கம்பனிகள் படையெடுத்தன. கோடையில் வந்து கோடையிலேயே திரும்பினர். தம் உலைகளையும் கொட்டகைகளையும் குளிர்காலத்திற் காவல்செய்ய ஆள் நிறுத்தலாமா என்பது கம்பனிகளின் கவலை. ஆங்கிலக் கம்பனியொன்று மரண தண்டனை பெற்ற கைதிகளுக்கு விடுதலையும் ஊதியமும் தருவதாகக் கூறிக் கொண்டுசென்றதாகவும், அவ்விடத்தைக் கண்ட அளவிலே தம்மைத் திரும்பக் கொண்டுபோகும்படி அவர்கள் மன்றாடியதாகவும் எட்வேர்ட் பெல்லம் என்பவர் எழுதியுள்ளார். அவர் தாமும் தோழர் எழுவரும் 1630இல் தற்செயலாக அங்கு விடப்பட்டு, குளிர்காலத்தைத் தாண்டி உயிர்மீண்டவர்கள். 1633இல் ஒல்லாந்துக் கம்பனி எழுவரை நிறுத்தியது, பிழைத்தனர். அடுத்த ஆண்டு வேறெழுவரை நிறுத்தியது, ஒருவரும் பிழைக்கவில்லை. வடமுனைக் குளிர்காலத்தின் நீளத்தைத் தம் உடலால் அளந்தவர்கள் அவர்கள்.

நிலக்கரிக் காலத்திலும் பருவத்தின் ஆட்சி தொழிலாளர் மேலேயே விழுந்தது. 1975இல் விமான நிலையம் திறக்கப்படும் வரை, கடல் உறைந்தபின் வெளியுலகோடு போக்குவரத்து அரிதே. இருளிலே வெட்டிக் குவித்த கரியைக் கடல் இளகிய கோடையிலே கப்பலேற்றுவது முறை. சுரங்கத்தின் உள்ளே யூனும் டிசெம்பரும் ஒன்றே. 1962 நவம்பர் 5ஆம் நாள், ஸ்வால்பார்ட்டின் நீ-ஓலசுண்ட் என்னும் இடத்திலிருந்த அரசுச் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்தது. 21 தொழிலாளர் மாண்டனர். பாதுகாப்பு விடயத்தில் அரசு காட்டிய அசட்டை பாராளுமன்றத்திற் பெரும் விவாதமாகி, 1963இல் ஐனார் கெர்ஹார்ட்சனின் தொழிற்கட்சி அரசு நம்பிக்கையில்லாப் பிரேரணையால் வீழ்ந்தது. தொழிலாளர் பெயரால் அமைந்த அரசாயினும் தொழிலாளர் உயிருக்குப் பதில் கூறியே தீரவேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அச்சுரங்கம் மூடப்பட்டு, இன்று அவ்விடம் பல நாட்டு விஞ்ஞானிகள் ஆய்வு நடத்தும் ஊராக விளங்குகிறது. இந்தியாவும் 2008இல் ஹிமாத்ரி என்ற ஆய்வுநிலையத்தை அங்கு அமைத்தது.

*

அந்நிலக்கரியைப் பற்றியும் ஒரு சொல். மரமில்லாத அந்நாட்டிலே கரி எப்படி வந்தது? லொங்யர்பியனைச் சூழ்ந்த கரிப்படைகள் ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கு வளர்ந்த காடுகளின் எச்சம். நெடிய குளிர்கால இருள் அக்காலத்திலும் இருந்தது. அவ்விருளினூடேயும் காடு தழைக்கும் அளவுக்கு வளி வெப்பமாயிருந்தது. இதிலிருந்து நாம் தெளியவேண்டியது ஒன்றுண்டு. ஒளியின் பருவத்தை வகுப்பது பூமியின் சாய்வு. எந்த அரசும் எந்த முதலாளியும் அதில் கைவைக்க முடியாது. வெப்பத்தின் பருவமோ வளியின் சேர்க்கையையும் கடலையும் பனியையும் பொறுத்தது. அதிலே மனிதன் கைவைத்துவிட்டான்.

1979 தொடக்கம் வடமுனைப் பிரதேசம் உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்து வந்துள்ளதென 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. முன்னே கூறிய வெண்பனியின் தெறிப்பை நினைவுகூர்ந்தால் காரணத்தின் ஒரு பகுதி புலனாகும். கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் வளி சூடாகிறது, பனி உருகுகிறது, கதிரைத் தெறித்த வெண்பரப்பு இருந்த இடத்திற் கதிரை உறிஞ்சும் கருங்கடல் தோன்றுகிறது, அது மேலும் பனியை உருக்குகிறது. 2020 யூலை 25ஆம் நாள் லொங்யர்பியனின் விமான நிலையத்தில் 21.7 பாகை பதிவாயிற்று. அதுவரை அங்கு அளந்திராத வெப்பம். குளிர்கால நடுவிலே மழை பெய்து, பின் உறைந்து, நிலத்தைப் பனிக்கட்டித் தகடு மூடிக்கொள்வதால் மேய்ச்சலை எட்டமுடியாமல் கலைமான்கள் பட்டினியால் மடிவதை ஆய்வாளர் பதிந்துள்ளனர். 2015 டிசெம்பரிலே மலைச்சரிவிலிருந்து பாய்ந்த பனிச்சரிவு லொங்யர்பியனின் வீடுகளை அடித்துச்சென்று இருவரைப் பலிகொண்டது. ஒரு தனிப் புயலுக்குக் காலநிலை மாற்றத்தை மட்டும் காரணங்கூறுதல் முறையன்று. எனினும் பழைய பருவங்களை நம்பி வீடு கட்டிய இடங்கள் இனிப் பாதுகாப்பானவையல்ல என்பதை அவ்வூரார் உணர்ந்து, ஆபத்தான சரிவின்கீழ் இருந்த வீடுகள் பலவற்றை அகற்றினர்.

2023இல் அவ்வூரின் மின்நிலையம் கரியைக் கைவிட்டு டீசலுக்கு மாறியது. 2025இல் நோர்வேயின் கடைசிச் சுரங்கமும் அங்கு மூடப்பட்டது. கரி எரிவதை நிறுத்துவது நல்லதே. ஆனால் டீசலும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். நூறாண்டுக்கு மேலாகத் தோண்டியவர்களின் பிழைப்பு என்னவாகும் என்ற வினாவும் எஞ்சி நிற்கிறது. சுரங்கத் தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அக்கரியால் ஆலை நடத்திச் செல்வம் குவித்தவரைத் தப்பவிடுகின்ற நியாயத்தை நாம் ஏற்கமுடியாது. முனையின் பருவத்தைக் குலைத்த புகையிலே உலகின் வறிய நாடுகளின் பங்கு மிகச் சிறிது. நிலத்தின்மேற் கிடக்கும் பனிக்கட்டி உருகிக் கடல் உயருமாயின், நமது குடாநாட்டின் தாழ்ந்த கரைகளும் தீவுப்பகுதிகளும் அதற்கு விலை கொடுக்கும். வடமுனையின் பொழுது நமக்குப் புறம்பான செய்தியன்று என்பதற்கு இது போதும்.

*

மாணவிக்கு நாம் கூறிய விடையைச் சுருங்கச் சொல்வோம். அங்கு ஆறு பெரும்பொழுதுமில்லை, நான்குமில்லை. ஒளிக்குக் கணக்கு வேறு, வெப்பத்துக்குக் கணக்கு வேறு. இரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்தும் பிந்தியும் செல்ல, அவற்றோடு இயைந்து வாழ்ந்த மக்கள் தமக்கேற்பப் பொழுதை வகுத்துக்கொண்டனர். நமது முன்னோர் தம் நிலத்துக்கு ஆறு வகுத்ததும் அவ்வாறே. காலபோகம், சிறுபோகம் என்று நமது கமக்காரரும், சோளகம், வாடை என்று நமது கடற்றொழிலாளரும் இன்றும் வகுப்பதும் அவ்வாறே. பட்டியலை மனனஞ் செய்வித்தலோடு நிற்காமல், வகுத்த முறையைக் கற்பித்தலே ஆசிரியர் கடன்.

அதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பாடசாலை முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டு, கிழமைக்கொருமுறை நண்பகல் நிழலை அளந்து மாணவரைக் குறித்து வரச்செய்யுங்கள். நாமும் அவ்வாறே செய்து வருகின்றோம். யாழ்ப்பாணத்தில் ஏப்பிரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் அந்நிழல் கம்பின் அடியிலே ஒடுங்கி மறைந்துவிடும். லொங்யர்பியனில் அதே நீளக் கம்பை நட்டால், நடுக்கோடை நண்பகலிலும் அதன் நிழல் கம்பினும் நீண்டே கிடக்கும்; இருபத்துநான்கு மணித்தியாலத்திற் கம்பைச் சுற்றி முழுவட்டமும் இட்டுவரும். இவ்விரண்டு நிழலையும் ஒரே கரும்பலகையில் வரைந்து காட்டினால், பூமியின் சாய்வைப் பற்றி நாம் பேசவேண்டியது பெரும்பாலும் முடிந்துவிடும். எஞ்சிய வினாக்களை மாணவர் கேட்பர்.